மூன்றாம் டேங்கியை நான் கழுவவில்லை

எங்கள் வினாகிரிக் கொம்பனியின் மதிலுக்குப் பின்னால் ஒரு வீட்டுச் சேவல் இருந்தது. லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவில், வெயில் உச்சந்தலையைச் சுடுகிற நேரத்தில், விடியச் சுபஹுக்குக் கூவுகிற மாதிரி நீட்டி முழக்கிக் கூவும். கூவி முடித்து நாலு எட்டு நேராக நடக்கும், ஐந்தாவது எட்டுக்கு வேலியில் போய் முட்டும். அந்த வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சத்தம் போடுவா.

"ஓய், உங்கட மண்டியத் தின்டு எங்கட சேவல் வக்து தெரியாமக் கூவுது! இதுக்கு ஆரு பதில் சொல்ற?"

பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். அந்த மண்டியை மதிலுக்குப் பின்னால் ஓடுகிற கழிவுக் கானுக்குள் தள்ளுகிற வேலை என்னுடையது. ஆனால் நான் குனிந்த தலை நிமிராமல் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வெட்கம். சின்ன வயதில் வந்த வெட்கம், தலை நரைத்தும் போகவில்லை. ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் பெயரைச் சொல்வதற்கிடையில் நேர்முகம் முடிந்துவிடும். இந்தக் கொம்பனியில் மட்டும்தான், "டேங்கி கழுவத் தெரியுமா?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள். தலையை ஆட்டினேன். வேலை கிடைத்தது.

வேலை இதுதான். எண்ணெய் ஆலைகளில் வீணாகப் போகிற தேங்காய்த் தண்ணீர் பீப்பாய்களில் வரும். அதில் சீனி கரைத்து, ஈஸ்ட் போட்டு, ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற மூன்று டேங்கிகளில் நுரைக்க விடுவோம். ஒரு கிழமை, ஏழு நாள், நுரைத்து அடங்கும். இடையில் அது என்னவாக இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. பழைய வினாகிரி இருக்கிற பீப்பாய்களுக்கு மாற்றி, அது புளித்து, மூக்கைப் பிடுங்குகிற வினாகிரி ஆன பிறகுதான் அதற்குப் பெயர். டேங்கியின் அடியில் மிஞ்சுவது மண்டி. சீனியைத் தின்று தின்று பெருகி, வேலை முடிந்து, களைத்து விழுந்த ஈஸ்ட்டுகள். பழுப்பு நிறத்தில், ஆறின கஞ்சி மாதிரி இருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, டேங்கியைப் பளபளக்கக் கழுவிக் கொடுக்க வேண்டும்.

கழுவுவதில் நான் கெட்டிக்காரன். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். முதலாளி ஹாஜியார் வருகிற போகிற ஆட்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "இவர் கழுவின டேங்கிக்குள்ள சோறு போட்டுத் தின்னலாம்" என்பார். நான் உடனே எதையாவது தேடுகிற மாதிரி வேறு பக்கம் போய்விடுவேன். ஆனால் அந்தச் சொல் அன்று முழுக்கக் காதுக்குள் இனிக்கும்.

முதல் நாளே மூடியைத் திறந்து, காற்றாடி வைத்து, உள்ளே இருக்கிற கெட்ட காற்றை வெளியேற்றாமல் யாரும் இறங்கக் கூடாது. காற்று மாறிய பிறகு நான் ஏணி வைத்து இறங்குவேன். இறங்கினால் நான் வேறு ஆள். டேங்கிக்குள் என் குரல் நாலு மடங்கு பெரிசாகக் கேட்கும். அதில் மயங்கி, யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஹாஜியாருக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அதற்குள் சொல்லுவேன். "ஹாஜியார், எனக்குப் புதுச் சப்பாத்து வேணும்!" டேங்கி "வேணும், வேணும்" என்று எனக்காகப் பரிந்து கதைக்கும். வெளியே வந்தால் பழையபடி ஊமை.

கழுவி முடித்ததை ஆட்களிடம் போய்ச் சொல்ல வெட்கப்பட்டு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். டேங்கி தேய்க்கிற தும்புத்தடியை, அந்த நீளக் காம்புத் துடைப்பத்தை, டேங்கியில் சாத்தி வைப்பேன். தும்பு மேலே என்றால் கழுவியாயிற்று, தேங்காய்த் தண்ணீர் விடலாம். தும்பு கீழே என்றால் இன்னும் இல்லை. கொம்பனியில் எல்லாரும் இதைப் பழகிக்கொண்டார்கள். என் வாயை நம்பாத ஆட்கள்கூட என் தும்புத்தடியை நம்பினார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் சாமான் தட்டுப்பாடு வந்தது. பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம். நற்பிட்டிமுனைப் பக்கம் வயல்கள் உரம் இல்லாமல் மஞ்சளாக நின்றன. எங்கள் கொம்பனியில் வரிசையில் நின்றது ஈஸ்ட்.

ஈஸ்ட்டுக்குச் சீனி மட்டும் போதாது. நாங்கள் தீனித் தூள் என்று சொல்கிற ஒரு வெள்ளைத் தூள் வெளிநாட்டில் இருந்து வரும். ஒரு டேங்கிக்கு ஒரு சின்னப் பை. அதைப் போட்டால்தான் ஈஸ்ட் துள்ளும். தூள் நின்றது. டேங்கிகள் தூங்கிவிட்டன. தூங்குகிறது என்றால் பொய் இல்லை, டேங்கியில் காதை வைத்தால் முன்பெல்லாம் எண்ணெயில் வெங்காயம் பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்கும். இப்போது மயான அமைதி. இரண்டு கிழமை போட்டுப் பார்த்தும் பாதிச் சீனி அப்படியே கிடந்து, ஒரு மாதிரி ஊசி மணத்தது. இரண்டு தடவை எல்லாவற்றையும் வெளியே கொட்டினோம்.

ஹாஜியார் எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பிமாரே, நான் ஒளிச்சுக் கதைக்கல்ல. நோன்பு பிறக்க முன்னம் டேங்கி எழும்பாட்டி கேற்றப் பூட்டுறதுதான். உங்களச் சும்மா வச்சிரிக்க என்னால ஏலா."

எனக்கு இரண்டு பிள்ளைகள். வேறு எந்த இடத்தில் போய் நான் வேலை கேட்பேன்? கேட்பதற்கு வாய் வேண்டுமே. இந்த உலகத்தில் வாய் இல்லாமல் பிழைக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த மூன்று டேங்கிகள்தான்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் நான் எழுத வந்தேன்.

மூன்றாம் டேங்கியின் அடியில் மண்டி காய்ந்து ஒட்டிப்போய் இருந்தது. கொதிதண்ணீர் நாலைந்து வாளி ஊற்றி, மூடியை இறுக்கி, ஊறட்டும் என்று விட்டேன். ஜும்ஆ முடிந்து வந்து சுரண்டலாம் என்பது என் எண்ணம். தும்புத்தடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் காயட்டும் என்று அதைத் தூக்கி டேங்கியில் சாத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். தும்பு காய வேண்டும் என்றால் அதை மேலே வைத்துத்தானே சாத்த வேண்டும்?

தொழுதுவிட்டுப் படியிறங்கும்போது ஃபோன். வரிப்பத்தான்சேனையில் என் மனைவியின் மாமா மவுத்து. அப்படியே வீட்டுக்குப் போய், மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜனாஸா அடக்கம், அன்று அங்கேயே தங்கல், மறுநாள் திரும்பிவரும்போது பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் வீடு கூட்டுகிற புதுத் தும்புத்தடி ஒன்றை வாங்கி, தும்பு மேலே இருக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை நான் சாத்தி வைத்ததும் இப்படித்தான்.

"என்னங்க, முகமெல்லாம் வேர்க்குது?" என்றாள் மனைவி.

"தும்பு மேல" என்றேன்.

"மவுத்தூட்ல சாப்பாடு ஒத்துக்கல்ல போல" என்று சொல்லி அவள் விசிறிவிட்டாள்.

பஸ் நின்ற இடத்தில் இருந்து கொம்பனிவரை ஓடினேன். கேற்றுக்குள் நுழையும்போதே இறைச்சி ஆணம் மணத்தது. நல்ல எலும்புச் சூப்பும் பேக்கரியில் சுட்ட பாணும் சேர்ந்த மணம். யாரும் சமைக்கிறார்களா என்று பார்த்தால் அடுப்பு இல்லை. எல்லாரும் மூன்றாம் டேங்கியைச் சுற்றி நின்றார்கள். டேங்கியின் மூடி ஒரு பக்கமாகத் தூக்கி, நுரை பொங்கி, பக்கத்தால் வழிந்து, தரை எல்லாம் வெள்ளை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜியார் அந்த நுரைக்குள் செருப்போடு நின்றுகொண்டு சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகத்தோடு, "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்றுகொண்டிருந்தார்.

"ஆரு இதுக்குத் தண்ணி விட்ட?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளதான் ஹாஜியார் சுவிட்சப் போட்ட" என்றார்கள்.

எல்லாருடைய கண்ணும் மாப்பிள்ளையிடம் போனது.

மாப்பிள்ளை என்றால் ஹாஜியாரின் மகளை மூன்று மாதத்துக்கு முன் கலியாணம் முடித்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். புது மாப்பிள்ளை வந்த வீட்டில் கோழிகளுக்கு உயிர்மேல் ஆசை இருக்கக் கூடாது, அவ்வளவு கவனிப்பு நடக்கும். அவருக்கு ஒரு குறை வந்தால் வீட்டுக்கே குறை. அவருக்கு ஒரு பெருமை வந்தால் தெருவுக்கே பெருமை. இவர் கம்பஸில் விஞ்ஞானம் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தார். மாமனார் வீட்டில் சும்மா இருந்து தின்ன மனம் இல்லாமல் எங்களோடு வந்து பம்ப் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பின்நேரம் தும்புத்தடியைப் பார்த்திருக்கிறார், தும்பு மேலே. நம்பித் தண்ணீர் விட்டிருக்கிறார். ஈஸ்ட்டைப் போட்டிருக்கிறார்.

"மகன்ட கை" என்றார் ஹாஜியார். "மகன்ட கைராசி!"

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். நுரை மணம்தான் உள்ளே போனது, சொல் ஒன்றும் வெளியே வரவில்லை. கழுவாத டேங்கி என்று எப்படிச் சொல்வது? சோறு போட்டுத் தின்னலாம் என்று பெயர் எடுத்தவன், ஊத்தை டேங்கியைத் தும்பு மேலே வைத்து ஒப்படைத்தேன் என்று எட்டுப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

அடுத்த மூன்று கிழமை எங்கள் ஊரில் ஒரு கூத்து நடந்தது. மாப்பிள்ளையின் கைச் செய்தி காற்றைவிட வேகமாகப் போனது. நற்பிட்டிமுனையில் இருந்து ஒரு நெல்மில் காரர் வந்து, படுத்துக் கிடக்கிற தன் மோட்டரின் சுவிட்சை மாப்பிள்ளை ஒருமுறை போட்டுவிட வேண்டும் என்று கூட்டிப் போனார். மாவடிப்பள்ளியில் ஒருவர் முதல் பிடி விதைநெல்லை அவர்தான் வீச வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஓட்டோ வாங்கின ஒருவர் அவரை முன்சீட்டில் ஏற்றிக் கடற்கரைவரை போய் வந்தார். மாமியார் தினமும் வட்டிலப்பம் அனுப்பினா. நாங்களும் சாப்பிட்டோம். நான்தான் எல்லாரையும்விடக் கூடச் சாப்பிட்டேன், குற்றம் செய்தவனுக்குப் பசி கூடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் முதலாம் டேங்கி எழும்பவில்லை. மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டார், பிஸ்மி சொன்னார், எல்லாரும் ஆமீன் சொன்னோம். டேங்கி தூங்கியது. இரண்டாம் டேங்கியும் தூங்கியது. மூன்றாம் டேங்கியை வினாகிரிப் பீப்பாய்க்கு மாற்றிவிட்டுத் திரும்ப நிரப்பினோம், அதுவும் தூங்கியது. இதில் என் பங்கு என்னவென்றால், மனச்சாட்சி குத்திய குத்தில் மூன்று டேங்கிகளையும் முன்னைவிட இரண்டு மடங்கு தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்திருந்தேன். உள்ளே என் முகம் தெரிந்தது.

ஹாஜியார் மருமகனைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. மிச்சம் மரியாதையாகக் கேட்டார். "மகன், அண்டைக்கு நீங்க எந்தச் சாறன் உடுத்திருந்த?"

"மறந்துட்டு மாமா."

"நீலக் கட்டம்தான். நான் பாத்த. நாளைக்கு அதையே உடுத்துங்க."

மறுநாள் நீலக் கட்டச் சாறன் வந்தது. டேங்கி எழும்பவில்லை. "அண்டைக்கு நீங்க வெறுங்காலோட நிண்ட, மகன்." வெறுங்காலோடு நின்றார். டேங்கி எழும்பவில்லை. "அண்டைக்கு ஜும்ஆ. வெள்ளிக்கிழமை வரட்டும்." வெள்ளிக்கிழமை வந்தது, நீலச் சாறனும் வெறுங்காலும் வந்தன, டேங்கி மட்டும் வரவில்லை. மாப்பிள்ளையின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. அண்ணன் என்கிற மரியாதையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காக்கா, இந்தக் கையால எட்டுக் குடும்பம் நடுத்தெருவில நிக்கப் போகுது. நான் கட்டாருக்கு வேலைக்குப் போகப்போறன்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதற்காக என்னை நானே அடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பவும் சிரித்தாள்.

"அப்ப அந்த மனிசன் உங்கட ஊத்தைக்காகவா நீலச் சாறனோட நிக்கிறாரு?"

"ஓம்."

"நான் அப்பத்துக்கு மாக் கரைக்கக்குள்ள சட்டியக் கழுவுறனா? அடியில பழைய மா கொஞ்சம் விட்டாத்தானே பொங்கும். உங்கட டேங்கியும் அதத்தானே செஞ்சிரிக்கி? நாளைக்குப் போய்ச் சொல்லுங்க."

"எனக்கு ஏலா."

"வாயால ஏலாட்டி தும்புத்தடியால சொல்லுங்க" என்று திரும்பவும் சிரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் முதலாம் டேங்கியைக் கழுவுகிற நாள். மூடி திறந்து, காற்றாடி ஓடி, நான் உள்ளே இறங்கி நின்றேன். காலுக்குக் கீழே மண்டி. முன்பு நுரைத்த காலத்தில் தள்ளாமல் மிஞ்சிய இரண்டு பீப்பாய் மண்டியும் வெளியே கானுக்குப் போகக் காத்திருந்தது. தும்புத்தடியை எடுத்தேன். அப்போது வெளியே ஹாஜியாரின் குரல்.

"மகன், கடைசிச் சீனிய இதுக்குத்தான் போடுறம். இதுவும் எழும்பாட்டி திங்கட்கிழமை பூட்டுவம். நீங்க ஒண்டும் மனசில எடுக்காதங்க. உங்கட கையில ஒரு பிழையும் இல்ல."

"மாமா, என்ட கையில ஒண்டுமே இல்ல மாமா" என்று மாப்பிள்ளை சொன்னார்.

நான் தும்புத்தடியை மண்டியில் ஊன்றினேன். நான் இப்போது தேய்த்தால் திங்கட்கிழமை கேற் பூட்டும். அவ்வளவு தெளிவாக ஒரு விஷயம் என் வாழ்க்கையில் எப்போதும் தெரிந்ததில்லை. சுற்றி இருட்டு. யாருடைய முகமும் தெரியவில்லை. இது என் டேங்கி, நான் தினமும் ஹாஜியாரோடு கதைக்கிற இடம்.

"ஹாஜியார்!" என்றேன். "இத நான் கழுவினா இதுவும் தூங்கும்!"

தூங்கும், தூங்கும், தூங்கும் என்றது டேங்கி.

வெளியே ஏதோ ஒரு வாளி உருண்டது. பிறகு டேங்கியின் வாய்க்கு மேலால் ஹாஜியாரின் தொப்பியும் அதற்குக் கீழே ஹாஜியாரும் தெரிந்தார்கள்.

"ஆரு உள்ளுக்கு?"

"நான்தான் ஹாஜியார்."

"நீயா? உனக்கு இவ்வளவு பெரிய குரல் இரிக்கா?"

தொடங்கிவிட்டேன், இனி நிற்க ஏலாது. மண்டிக்குள் நின்றுகொண்டு சொன்னேன். கொதிதண்ணீர் ஊற்றியது, ஜும்ஆ, ஃபோன், வரிப்பத்தான்சேனை எல்லாம் சொன்னேன். "அண்டைக்கு மூணாம் டேங்கிய நான் கழுவல்ல ஹாஜியார்."

"கழுவினதெண்டு தும்புத்தடி சொன்னிச்சே?"

"தும்புத்தடி பொய் சொல்லிட்டு ஹாஜியார்."

அடுத்ததாகக் கேட்டது மாப்பிள்ளை தரையில் துள்ளுகிற சத்தம். வெறுங்கால் என்றபடியால் தப், தப் என்று கேட்டது. அவரும் ஏணியில் ஏறித் தலையை நீட்டினார். இரண்டு தலையும் அந்த வட்டத்துக்குள் அடங்காமல் இடித்துக்கொண்டன.

"காக்கா! கொதிதண்ணி எவ்வளவு நேரம் நிண்ட?"

"காலையில இரிந்து, நீங்க அஸருக்குத் தண்ணி விடுமட்டும்."

"மூடி பூட்டியா?"

"ஓம்."

"அல்லாஹ்வே! காக்கா, அது வெந்து உடைஞ்சிரிக்கி! மாமா, ஒவ்வொரு ஈஸ்ட்டுக்குள்ளயும் அது தின்ட சத்தெல்லாம் இரிக்கி. சூட்டில செத்து, உடைஞ்சு, உள்ளுக்க இரிந்ததெல்லாம் தண்ணியில கரைஞ்சிட்டு. அதத்தான் புது ஈஸ்ட் தின்டிரிக்கி. நாம வெளிநாட்டில இரிந்து தீனித் தூள் எடுத்த, தீனிய முழுக்கக் கானுக்குள்ள ஊத்தின!"

"என்ட பொஞ்சாதியும் சொன்னா, அப்ப மா மாதிரி எண்டு" என்றேன். என் வாய் தானாக ஓடியது.

"அது வேற காக்கா. அப்ப மாவில உசிரோட இரிக்கிறது வேலை செய்யும். இது செத்ததாலதான் வேலை செய்யுது!"

ஹாஜியாரின் முகம் மாறியது. "பொறுங்க, மகன். செத்த ஈஸ்ட்ட உசிரோட இரிக்கிற ஈஸ்ட்டுக்குத் தீத்துறதா? ஈஸ்ட்டுர மையத்தையா?"

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. ஹாஜியார் அங்கேயே நின்று, ஏணியில் இருந்தபடியே, பள்ளி மௌலவிக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் உள்ளே மண்டியில் நின்று கேட்டேன். கேள்வியை ஹாஜியார் மூன்று தரம் விளங்கப்படுத்தினார். மௌலவி இரண்டு தரம் இருமினார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு விளங்கியது, ஏனென்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"ஹாஜியார், ஈஸ்ட்டுக்கு நாம ஜனாஸாத் தொழுறல்ல. சாமான் சுத்தமா?"

"எங்கட டேங்கிக்குள்ள சோறு போட்டுத் தின்னலாம்!" என்றார் ஹாஜியார், பழக்கத்தில்.

"அப்ப என்னத்துக்கு வீணாக்குற? வீணாக்குறதுதான் கூடா. எழும்பினா ஒரு போத்தல் அனுப்புங்க, வீட்டில அச்சாறு போடணும்."

அதன் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லாரும் ஓடினார்கள். பீப்பாய் மண்டியைக் கானுக்குத் தள்ளப் போனவரை மாப்பிள்ளை சாறனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தடுத்தார். கொதிதண்ணீர் வந்தது. கை பொறுக்காத சூடு, ஆனால் கொதிக்கக் கூடாது என்று மாப்பிள்ளை அளந்து அளந்து ஊற்றினார். பழைய சாக்குகளை எல்லாம் எடுத்து டேங்கியைச் சுற்றிக் கட்டினோம். குளிருக்குப் போர்வை போர்த்த ஆனை மாதிரி நின்றது. மறுநாள் பகல்வரை அப்படியே வைத்தோம். பத்து மணிக்கு ஆணம் மணம் எழும்பியது. பதினொரு மணிக்கு எட்டுப் பேருக்கும் பசி. ஹாஜியார் தாங்க முடியாமல் ஆளனுப்பி எல்லாருக்கும் மாட்டிறைச்சியும் சோறும் எடுப்பித்தார்.

சூடு ஆறித் தண்ணீர் விடுகிற நேரம் ஒரு பிரச்சினை வந்தது. சுவிட்சை யார் போடுவது?

"மாமா, இந்தமுறை காக்கா போடட்டும். அப்பத்தான் என்ட கையில ஒண்டுமில்லெண்டு விளங்கும்."

"காக்கா போட்டு எழும்பினா ஊரில காக்காட கைராசி எண்டுவானுகள், அது ஒரு புதுத் தலையிடி" என்றார் ஹாஜியார். யோசித்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து போடுங்க. ராசியும் ஒரு பக்கத்தால இரிந்திட்டுப் போகட்டும்."

ஒரு சின்னச் சுவிட்சில் இரண்டு பெரிய விரல்கள். போட்டோம்.

அடுத்த நாள் ஞாயிறு. லீவு. எட்டுப் பேரும் வந்திருந்தோம், யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை. மூடி அசையவில்லை, நுரை இல்லை. ஹாஜியார் கதிரையைப் போட்டு எதிரில் இருந்தார், அவரது மடியில் கேற் பூட்டு. வெயில் ஏறியது. யாரும் கதைக்கவில்லை. எனக்குக் கதைக்காமல் இருப்பது அன்றுதான் முதல்முறை கஷ்டமாக இருந்தது. எழும்பிப் போய் டேங்கியில் காதை வைத்தேன்.

முதலில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான். பிறகு, அடியில், தூரத்தில், யாரோ ஒரு வெங்காயத்தைச் சூடான எண்ணெயில் போட்ட மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு இரண்டு வெங்காயம். பிறகு ஒரு கலியாண வீடு.

"பொரியுது!" என்று கத்தினேன். டேங்கிக்கு வெளியே நின்று. "பொரியுது ஹாஜியார்!"

ஹாஜியார் பூட்டோடு ஓடி வந்து காதை வைத்தார். மாப்பிள்ளை மறுபக்கம் வைத்தார். மற்ற ஆறு பேரும் சுற்றி வைத்தார்கள். அந்த டேங்கியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒன்பது பேர், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றோம். மூடி மெதுவாகத் தூக்கியது. முதல் நுரை வழிந்து ஹாஜியாரின் தொப்பியில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. பூட்டை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நோன்பு பிறந்தது, கேற் திறந்தே இருந்தது. மௌலவிக்கு இரண்டு போத்தல் போனது. மாப்பிள்ளை கட்டாருக்குப் போகவில்லை, நீலச் சாறனையும் உடுத்துவதில்லை. ஒருமுறை ஆசையில் மண்டியை அளவுக்கு மிஞ்சிப் போட்டு வினாகிரி முழுக்கச் சூப் மணந்தது, இப்போது அளவு தெரியும். தும்புத்தடிக்கும் மூன்றாவது அடையாளம் ஒன்று வந்திருக்கிறது: தரையில் படுக்க வைத்தால், மண்டி ஊறுகிறது, யாரும் தொடக் கூடாது.

கானுக்குள் இப்போது ஒன்றும் போவதில்லை. போன மாதம் பின்வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தம்பி, எங்கட சேவல் ஒழுங்கா வக்துக்குக் கூவுது. ஆனா முந்தின கலகலப்பு இல்ல, சும்மா சோந்துபோய்த் திரியுது. அந்த மண்டியில ஒரு கிண்ணம் தாங்களன்."

நான் வாளியைக் கீழே வைத்தேன். தலையை நிமிர்த்தினேன்.

"ஏலா ராத்தா" என்றேன். "எங்கட டேங்கிக்கே காணாது."